லேப்டாப் ஹாட்ஸ்பாட் மெதுவாக இருக்கிறதா? வேகம் எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிக்கலாம்

லேப்டாப்பில் வேகச் சோதனை போட்டால் 90 எம்பிபிஎஸ் காட்டும். அதே லேப்டாப்பின் ஹாட்ஸ்பாட்டில் இணைந்திருக்கும் போன் 10 எம்பிபிஎஸ்ஸைத் தொடவே திணறும். வீடியோ பாதியில் நின்று சுற்றிக்கொண்டே இருக்கும். விடுதி அறையில் ஒரே ஒரு லேன் இணைப்பை வைத்துக்கொண்டு போனுக்கும் டேப்லெட்டுக்கும் இணையம் பகிர்கிறவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. வீட்டு ரவுட்டரின் சிக்னல் எட்டாத அறையில் லேப்டாப்பை இடையில் வைத்துச் சமாளிக்கிறவர்களுக்கும் அப்படித்தான்.

இதற்குத் தீர்வு தேடினால் ஒரு பெரிய பட்டியல் கிடைக்கும். வைஃபை அட்டையை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழித்துவிட்டு மறுபடி போடு, தளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்று, நெட்வொர்க்கை ரீசெட் செய் என்று நீளும். அவற்றில் ஏதோ ஒன்று சில சமயம் பலிக்கவும் செய்யும். எதனால் பலித்தது என்று தெரியாததால், அதே தொல்லை மறுபடி வந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அதனால் எந்த அமைப்பையும் தொடுவதற்கு முன்பு, வேகம் எந்த இடத்தில் குறைகிறது என்று அளந்து பார்த்துவிடுங்கள் என்பதே என் முதல் யோசனை. அதற்கு ஒரு போனும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

இங்கே விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டிலும் உள்ள மொபைல் ஹாட்ஸ்பாட் வசதியை வைத்தே சொல்கிறேன். 2016இல் வந்த விண்டோஸ் 10 ஆண்டுவிழாப் பதிப்பிலிருந்து இது செட்டிங்ஸிலேயே இருக்கிறது. ஒரே நேரத்தில் 8 கருவிகள் வரை இணையலாம். வேறு இயங்குதளம் வைத்திருப்பவர்களுக்கும் அடிப்படை இதேதான், பொத்தான்களின் பெயர்தான் மாறும்.

இணையம் கடந்துவரும் மூன்று கட்டங்கள்

ஹாட்ஸ்பாட் வழியாக போனுக்கு வரும் ஒவ்வொரு தகவலும் மூன்று கட்டங்களைக் கடக்கிறது. முதலில் இணையத்திலிருந்து லேப்டாப்புக்கு வருகிறது. இது லேன் கேபிள் வழியாகவோ, வைஃபை வழியாகவோ, யுஎஸ்பியில் செருகிய டாங்கிள் அல்லது போன் வழியாகவோ இருக்கலாம். அப்புறம் லேப்டாப்புக்குள் விண்டோஸ் அதை வாங்கி, எந்தக் கருவிக்குப் போக வேண்டும் என்று பார்த்து, முகவரியை மாற்றி அனுப்புகிறது. அதாவது ரவுட்டர் செய்கிற வேலையை லேப்டாப் செய்கிறது. கடைசியாக, லேப்டாப்பின் வைஃபை அட்டையிலிருந்து காற்றின் வழியாக போனுக்குப் போய்ச் சேர்கிறது.

மூன்றில் எது மிக மெதுவோ, அந்த வேகம்தான் போனுக்குக் கிடைக்கும். மற்ற இரண்டும் எவ்வளவு வேகமாக இருந்தாலும் பயனில்லை.

அளக்கும் முறை இது. முதலில் ஹாட்ஸ்பாட்டை அணைத்துவிட்டு லேப்டாப்பில் வேகச் சோதனை செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, போனை அதில் இணைத்து, போனில் எதுவும் ஓடாமல் வைத்துவிட்டு, லேப்டாப்பில் மறுபடி சோதியுங்கள். மூன்றாவதாக, போனை லேப்டாப்புக்குப் பக்கத்தில், ஒரு மீட்டர் தூரத்தில் வைத்து போனிலேயே சோதியுங்கள். கடைசியில், வழக்கமாக நீங்கள் உட்காரும் இடத்துக்குப் போய் ஒரு முறை. போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுவது முக்கியம். இல்லாவிட்டால் வைஃபை மந்தமாக இருக்கும்போது போன் தானாகவே சிம்மின் இணையத்துக்குத் தாவிவிடும், நீங்கள் எதை அளக்கிறீர்கள் என்றே தெரியாது. எல்லாச் சோதனைக்கும் ஒரே தளத்தையோ ஒரே செயலியையோ பயன்படுத்துங்கள். எம்பிபிஎஸ் என்பது மெகாபிட் கணக்கு. கோப்பு இறங்கும்போது சில மென்பொருள்கள் மெகாபைட்டில் காட்டும், அது எட்டில் ஒரு பங்காகத் தெரியும். இந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பயந்துவிட வேண்டாம்.

முதல் சோதனையிலேயே எண் குறைவாக இருந்தால் ஹாட்ஸ்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இணைய இணைப்பைத்தான் பார்க்க வேண்டும். ஹாட்ஸ்பாட்டைப் போட்டவுடன் லேப்டாப்பின் வேகமே சரிந்தால், வைஃபை அட்டை இரண்டு வேலை பார்த்துத் திணறுகிறது. லேப்டாப்பில் நன்றாக இருந்து, பக்கத்தில் வைத்த போனிலும் மோசமாக இருந்தால், அலைவரிசையிலோ லேப்டாப்புக்குள்ளோ சிக்கல். பக்கத்தில் நன்றாக இருந்து தள்ளிப் போனால் மட்டும் குறைந்தால் தூரமும் சுவரும்தான் காரணம்.

ஒரே அட்டைக்கு இரண்டு வேலை

ஹாட்ஸ்பாட் பற்றி வரும் குறைகளில் பெரும்பகுதிக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

வைஃபை வழியாக இணையம் வாங்கி, அதே வைஃபை வழியாகப் பகிர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப்பில் பெரும்பாலும் ஒரே ஒரு வைஃபை அட்டைதான் இருக்கும். வைஃபையில் ஒரு சேனலில், அதாவது அலைவரிசையின் ஒரு துண்டில், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். கையில் ஒரே ஒரு வாக்கி டாக்கி வைத்திருக்கும் ஒருவர், ஒரு பக்கம் சொல்வதை முழுதாகக் கேட்டுவிட்டு அதையே இன்னொரு பக்கத்துக்குத் திருப்பிச் சொல்வது போன்றது இது. ஒரு செய்தி போய்ச்சேர இரண்டு செய்திக்கான நேரம் பிடிக்கும். ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு முறை, லேப்டாப்பிலிருந்து போனுக்கு ஒரு முறை என்று அதே தகவல் காற்றில் இரண்டு தடவை பயணம் செய்கிறது. ஆகவே எல்லாம் சரியாக இருந்தாலும் பாதி வேகம்தான் கிடைக்கும். இது கோளாறு இல்லை, கணக்கே அப்படித்தான்.

எண்களை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், வைஃபை 4 தரத்தில், 20 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலில், ஒரு ஆன்டெனா கொண்ட இணைப்பின் உச்ச வேகம் 72 எம்பிபிஎஸ். அது அட்டைகள் தங்களுக்குள் பேசும் வேகம். அதில் தலைப்புத் தகவல், ஒப்புதல், காத்திருப்பு எல்லாம் போக, உங்கள் கைக்கு வருவது சுமார் 40. ஒரே அட்டை இரண்டு வேலையும் பார்த்தால் அதிலும் பாதி, 20. பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் அதே சேனலில் இருந்தால் இன்னும் கொஞ்சம் போகும். இப்போது 100 எம்பிபிஎஸ் திட்டம் வைத்திருப்பவருக்கு போனில் 15 காட்டினால், எந்தச் சாதனமும் பழுதாகவில்லை. அந்த அமைப்பில் அவ்வளவுதான் கிடைக்கும்.

இதைவிட மோசமான ஒரு நிலையும் உண்டு. லேப்டாப் ரவுட்டரோடு ஒரு சேனலிலும், ஹாட்ஸ்பாட் இன்னொரு சேனலிலும் இருந்தால், இரண்டையும் ஒரே சமயத்தில் கேட்கத் தெரியாத அட்டை இங்கே கொஞ்ச நேரம், அங்கே கொஞ்ச நேரம் என்று மாறி மாறித் தாவும். அங்கே இருக்கும் நேரத்தில் இங்கே வருகிற தகவல் காத்திருக்கும், சிலது தொலையும், தொலைந்ததை மறுபடி அனுப்ப வேண்டும். வேகச் சோதனையில் எண் ஏறி இறங்கி ஆடுவதும், வீடியோ அழைப்பில் குரல் வெட்டி வெட்டி வருவதும் இதன் அடையாளம்.

இதற்குச் சிறந்த மருந்து ஒரு லேன் கேபிள். ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்குக் கம்பி வழியாக இணையம் வந்துவிட்டால், வைஃபை அட்டை முழுக்க முழுக்க போனுக்காக மட்டும் வேலை செய்யும். வேறு எந்த அமைப்பையும் தொடாமலே வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். லேன் முனை இல்லாத மெல்லிய லேப்டாப் என்றால் யுஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் கிடைக்கிறது. கேபிளைச் செருகிய பிறகு ஹாட்ஸ்பாட் பக்கத்தில் எந்த இணைப்பைப் பகிர்கிறோம் என்ற இடத்தில் ஈதர்நெட் என்று மாற்ற மறக்க வேண்டாம். அதை மாற்றாமல் விட்டுவிட்டு, கேபிள் போட்டும் பயனில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

அதே பக்கத்தில் எதன் வழியாகப் பகிர்வது என்றும் ஒரு கேள்வி இருக்கும், வைஃபை, புளூடூத் என இரண்டு தேர்வுகளோடு. அது தவறுதலாக புளூடூத்தில் இருந்தால் 1 அல்லது 2 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் எதிர்பார்க்கவே முடியாது. ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

2.4 ஆ, 5 ஆ?

கேபிளுக்கு வழியில்லை என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது அலைவரிசை. ஹாட்ஸ்பாட் பக்கத்தில் பெயர், கடவுச்சொல் இருக்கும் இடத்தில் எடிட் என்பதை அழுத்தினால் நெட்வொர்க் பேண்ட் என்று ஒன்று வரும். அதில் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ், கிடைப்பது எதுவானாலும் சரி என்று மூன்று தேர்வுகள் இருக்கும். மூன்றாவது தேர்வில் விட்டுவைத்தால், ஹாட்ஸ்பாட் 2.4இல் போய் உட்கார்ந்துவிட வாய்ப்பு உண்டு.

5 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலமாகக் கிடைக்கும். வைஃபை 5 தரத்தில் 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஒரு ஆன்டெனா இணைப்பே 433 எம்பிபிஎஸ் பேசும், இரண்டு ஆன்டெனா என்றால் 866. 2.4இன் 72ஓடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியாகக் குறைந்தாலும் கவலைப்பட வேண்டிய எண் இல்லை. ஹாட்ஸ்பாட் எவ்வளவு அகலச் சேனல் தருகிறது என்பது டிரைவரைப் பொறுத்தது. உங்கள் இணைப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க, ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் வைஃபை பக்கத்தில் இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால் லிங்க் ஸ்பீட் (அட்டைகள் தங்களுக்குள் பேசும் வேகம்), அலைவரிசை இரண்டும் தெரியும். அங்கே 72 அல்லது அதற்கும் கீழே காட்டினால் 2.4இல் இருக்கிறீர்கள், அல்லது சிக்னல் மிகவும் பலவீனம் என்று அர்த்தம். ஐபோனில் இந்த எண்ணைக் காட்டுவதில்லை, வேகச் சோதனையை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

வைஃபை வாங்கி வைஃபை கொடுப்பவர்கள் ஹாட்ஸ்பாட்டை மட்டும் 5க்கு மாற்றினால் போதாது. லேப்டாப் ரவுட்டரோடு இணைவதும் 5இல்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே சேனலில் நிற்கும், தாவல் இருக்காது. விண்டோஸ் 11இல் வைஃபை இணைப்பின் பண்புகள் பக்கத்தைத் திறந்தால் எந்த அலைவரிசை, எந்தச் சேனல் என்று கீழே எழுதியிருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் நிறையப் பேரைக் குழப்புகிறது. ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில்தான் இருக்கிறது, லேப்டாப்பும் அதில் இணைந்திருக்கிறது, ஆனால் ஹாட்ஸ்பாட்டை 5இல் போட்டால் ஆரம்பிக்கவே மறுக்கிறது, அல்லது தானாக 2.4க்கு வந்துவிடுகிறது. சேனல் எண்ணைப் பாருங்கள். 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளும் பகுதியில் வருகின்றன. அங்கே வைஃபை வழங்கும் கருவி, ரேடார் சிக்னல் வந்தால் கண்டுபிடித்து உடனே விலக வேண்டும் என்பது விதி. ரவுட்டருக்கு அந்தத் திறன் உண்டு, லேப்டாப் அட்டைகளுக்குப் பொதுவாகக் கிடையாது. ஆகவே அந்தச் சேனல்களில் ஹாட்ஸ்பாட் நடத்த லேப்டாப் முன்வராது. ரவுட்டரின் அமைப்புக்குள் போய் 5 கிகாஹெர்ட்ஸ் சேனலை 36, 40, 44, 48 ஆகிய நான்கில் ஒன்றாக மாற்றிவிட்டால் இது தீரும். ரவுட்டர் உங்கள் கையில் இல்லாத விடுதி, அலுவலகம் போன்ற இடங்களில் கேபிள்தான் கதி.

5இன் குறை ஒன்று உண்டு. அது சுவரைத் துளைத்துக்கொண்டு அதிக தூரம் போகாது. கான்கிரீட் சுவர் ஒன்று இடையில் வந்தாலே எண் கணிசமாகக் குறையும், இரண்டு வந்தால் 2.4 பரவாயில்லை என்று ஆகிவிடும். ஒரே அறை என்றால் 5, அடுத்தடுத்த அறை என்றால் இரண்டையும் சோதித்து நல்லதை எடுத்துக்கொள்ளுங்கள்.

காற்றில் யார் யார் இருக்கிறார்கள்

2.4இல்தான் இருந்தாக வேண்டும் என்றால், சுற்றியிருப்பவற்றைக் கவனிக்க வேண்டும். அந்த அலைவரிசை மிகவும் நெரிசலானது. ஒன்றோடொன்று மோதாத 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்கள் அதில் 1, 6, 11 என மூன்றுதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது ரவுட்டர்கள் அந்த மூன்றையே பங்கு போட்டுக்கொள்ளும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் வேலை செய்கிறது. புளூடூத்தும் அதே இடம்தான். போதாக்குறைக்கு லேப்டாப்பில் வைஃபையும் புளூடூத்தும் பெரும்பாலும் ஒரே அட்டையில் இருக்கும், பல சமயம் ஆன்டெனாவும் பொது. புளூடூத் ஹெட்போனில் பாட்டுக் கேட்டுக்கொண்டே 2.4இல் ஹாட்ஸ்பாட் நடத்தினால் பாட்டும் திக்கும், இணையமும் திக்கும்.

பலரும் சந்தேகப்படாத ஒரு ஆள் யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க். யுஎஸ்பி 3 வழியாகத் தகவல் ஓடும்போது அதன் கேபிளும் முனையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடுகின்றன. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை விளக்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. லேப்டாப்பின் பக்கவாட்டில் வெளி ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால், அதைக் கழற்றிவிட்டு மறுபடி வேகச் சோதனை செய்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால், டிஸ்க்கை நல்ல உறையுள்ள நீளமான கேபிளில் தள்ளி வையுங்கள், அல்லது ஹாட்ஸ்பாட்டை 5க்கு மாற்றுங்கள்.

லேப்டாப்பை வைக்கும் இடமும் முக்கியம். பல லேப்டாப்களில் வைஃபை ஆன்டெனா திரையைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள் இருக்கும். மூடியைத் திறந்து, திரை நிமிர்ந்து நிற்கும்படி, மேசை மீது வைத்தால் சிக்னல் நன்றாகப் பரவும். இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ, இரும்புக் கட்டிலுக்கு அடியிலோ தள்ளி வைத்தால் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. உலோகம் அலையைத் திருப்பி அனுப்பிவிடும்.

லேப்டாப்புக்குள் நடப்பது

லேன் கேபிள் போட்டாகிவிட்டது, 5 கிகாஹெர்ட்ஸ், போன் பக்கத்திலேயே இருக்கிறது, லிங்க் ஸ்பீடும் 400க்கு மேல் காட்டுகிறது. ஆனாலும் பதிவிறக்கம் மட்டும் நகர மாட்டேன் என்கிறது, பதிவேற்றம் மட்டும் நன்றாகப் போகிறது. இந்த அறிகுறி தெரிந்தால் நடுக் கட்டத்தைச் சந்தேகிக்கலாம்.

லேன் அட்டைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. இணையத்திலிருந்து வரும் சிறிய சிறிய பொட்டலங்களைச் சேர்த்து, ஒரே பெரிய பொட்டலமாக்கி விண்டோஸிடம் கொடுக்கும். செயலியின் சுமை குறையும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. வருகிற தகவல் அந்தக் கணினிக்கே என்றால் மிகவும் நல்ல ஏற்பாடு. ஆனால் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப் வெறும் இடைத்தரகர். பெரிதாக்கிய பொட்டலத்தை போனுக்கு அப்படியே அனுப்ப முடியாது, மறுபடி பிரிக்க வேண்டும். டிரைவர் அதைச் சரியாகச் செய்யாவிட்டால் பொட்டலங்கள் தொலைந்து, திரும்பத் திரும்ப அனுப்பப்பட்டு, வேகம் பாதாளத்துக்குப் போய்விடும். லினக்ஸில் கணினியை ரவுட்டராக்கும்போது இந்த வகைச் சேர்க்கையை இயங்குதளமே அணைத்துவிடுகிறது. விண்டோஸில் நாமே பார்க்க வேண்டியிருக்கிறது.

டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் இணையம் உள்ளே வரும் அட்டையை, அதாவது லேன் அட்டையை, இரட்டைச் சொடுக்கி, அட்வான்ஸ்டு பக்கத்துக்குப் போங்கள். அங்கே ரிசீவ் செக்மென்ட் கோயலெஸிங் என்ற பெயர் இருந்தால் அதை அணைத்துவிட்டு வேகச் சோதனை செய்யுங்கள். பெயரைச் சுருக்கி ரிசீவ் என்பதை ரெக்வ் என்றும் எழுதியிருப்பார்கள். பதிவேற்றம்தான் மோசம் என்றால் லார்ஜ் செண்ட் ஆஃப்லோட் என்று தொடங்குபவற்றை அணைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், பழைய மதிப்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பயன் இல்லையென்றால் பழையபடியே வைத்துவிடுங்கள். இந்தப் பக்கத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் மாற்றினால் இன்னொரு தொல்லையை நாமே வாங்கிக்கொள்வோம்.

மின்சாரம் சேமிக்கும் அமைப்பும் இந்தக் கட்டத்தில்தான் வரும். பேட்டரியில் ஓடும்போது விண்டோஸ் வைஃபை அட்டையின் சக்தியைக் குறைக்கலாம். சார்ஜரைச் செருகி ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை சோதித்தால் விடை தெரிந்துவிடும். டிரைவரை விண்டோஸ் அப்டேட் தருவதோடு விட்டுவிடாமல், லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்குப் புதியது இருக்கிறதா என்றும் பாருங்கள். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிட்டு ஒரு தடவை அளங்கள்.

போன் செய்யும் மறைமுக வேலை

கடைசியாக ஒன்று. சிம் இணையத்தில் இருக்கும்போது அடக்கமாக இருக்கும் போன், வைஃபை கிடைத்தவுடன் எல்லையில்லாத இணையம் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். படங்களைக் கிளவுடில் ஏற்றும், வாட்ஸ்அப் காப்புப் பிரதி எடுக்கும், செயலிகளைப் புதுப்பிக்கும். ஹாட்ஸ்பாட்டில் இருப்பது அதற்குத் தெரியாது. முக்கியமாக, பதிவேற்றம் முழு வேகத்தில் ஓடினால் பதிவிறக்கமும் சேர்ந்து படுத்துவிடும், ஏனென்றால் வந்ததற்கு ஒப்புதல் அனுப்பவே வழியில்லாமல் அது வரிசையில் நிற்கும். ஆண்ட்ராய்டில் அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் மீட்டர்டு என்று மாற்றிவிட்டால் இந்தப் பின்னணி வேலைகள் பெரும்பாலும் நின்றுவிடும். ஐபோனில் லோ டேட்டா மோட் என்று இருக்கும். லேப்டாப்பிலும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் பத்தியைச் சொடுக்கினால், இணையத்தை யார் இழுக்கிறார்கள் என்று தெரியும். ஒன்டிரைவோ விண்டோஸ் அப்டேட்டோ மேலே இருந்தால் அது முடியும்வரை நிறுத்தி வையுங்கள்.

வேகச் சோதனையில் எண் நன்றாக இருந்து, பக்கங்கள் திறக்கத் தொடங்குவதற்கு மட்டும் தாமதமானால், அது வேறு விஷயம். ஹாட்ஸ்பாட்டில் இணைந்த கருவிகள் தளப் பெயர்களை லேப்டாப்பிடம், அதாவது 192.168.137.1 என்ற முகவரியிடம் கேட்கின்றன. அது இன்னொருவரிடம் கேட்டுச் சொல்லும்போது தாமதம் வரலாம். போனில் டிஎன்எஸ்ஸை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று நேரடியாகக் கொடுத்துப் பார்க்கலாம். டிஎன்எஸ் மாற்றம் உதவுவது இந்த ஒரு நிலைக்குத்தான். பதிவிறக்க வேகத்தை அது கூட்டாது.

சிலருக்கு இவ்வளவும் பார்த்த பிறகும் வேகம் போதாமல் இருக்கும், குறிப்பாக வைஃபை வாங்கி வைஃபை கொடுப்பவர்களுக்கு. அவர்கள் யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கி, ரவுட்டரோடு பேசும் வேலையை அதனிடம் விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் அட்டையை ஹாட்ஸ்பாட்டுக்கு ஒதுக்கலாம். இரண்டையும் வெவ்வேறு அலைவரிசையில் வைத்தால் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாது. யுஎஸ்பியில் போனைச் செருகி அதன் இணையத்தை லேப்டாப் வழியாகப் பகிர்கிறவர்கள், போனிலிருந்தே ஹாட்ஸ்பாட் போட்டுவிட்டால் நடுவில் ஒரு கட்டம் மிச்சம். லேன் முனை இருக்கும் அறையில் தினமும் பல மணி நேரம் பகிர வேண்டியிருந்தால், விடுதியோ அலுவலகமோ அனுமதிக்கும் பட்சத்தில், ஒரு சாதாரண இரட்டை அலைவரிசை ரவுட்டரை அங்கே செருகிவிடுங்கள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனாலும் அறையில் இணையம் இருக்கும்.